வாத்தியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

தொப்பிப்பக்கம்:
பதினோரு வருஷம் மிருதங்கம் கற்றவன் நான். கும்பகோணத்தில் ஆரம்பம், அப்புறம் சென்னை. சில கச்சேரிகளுக்கும் வாசித்திருக்கிறேன், எல்லாம் மதிய நேரம். கேன்டீனில் இருக்கும் கூட்டத்தில் கால்வாசிகூட உள்ளே இருக்காது. இப்போது பகலில் கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிசெய்யும் வேலை. ராத்திரியில் வேறு ஒன்று செய்கிறேன். அதற்குத்தான் பெயர் தெரியவில்லை.

மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவோம் இல்லையா, அது ஈரமாக இருக்கும்வரை கும்மென்று இறங்கி ஒலிக்கும். காயக் காயச் சுருதி ஏறும், ஒலி நீடித்து நிற்கும் கார்வை குறையும். கச்சேரியில் இது தொந்தரவு, நடுவில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்வோம். நான் தடவாமல் விட்டேன். அதிர்வைப் பிடிக்கும் மைக் மாதிரியான பீசோ தகடு ஒன்றை ஓரத்தில் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு ‘தொம்’ மட்டும் போட்டு, ரவை காய்ந்து உதிரும்வரை பதிவு செய்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஒரு மணி பத்து நிமிடம்.

போன மாதம் நண்பர் வீட்டு மாடியில் ஏழு பேருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இருபதாவது நிமிடத்தில் ஒருவர் போன் வந்தது மாதிரி எழுந்து போனார், திரும்பவில்லை. கடைசிவரை இருந்த ஒரு பெண், “நடுவுல கரண்ட் போயிடுச்சோன்னு நினைச்சேன்” என்றார். பாராட்டா என்று இன்னும் பிடிபடவில்லை.

இப்போது ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால், ‘வாத்தியம்’ என்று ஒரு கட்டம். மிருதங்கம் என்று டிக் போட்டால் தனி ஆவர்த்தனம் எங்கே என்பார்கள். ‘மற்றவை’ என்று போட்டால், விடிகாலை ஐந்து மணிக்குக் குரு வீட்டுத் திண்ணையில் செய்த சாதகமெல்லாம் யாருடையது? அம்மா வேறு “யாருக்குடா இது?” என்கிறாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழையடேப்:
உங்கள் அம்மாவின் கேள்வி 1940களில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜையும் படுத்தியிருக்கிறது. அவர் சோகமாக எழுதிய இசையைக் கேட்டுச் சனங்கள் சிரித்தார்கள். மனத்தில் இருப்பதை எடுத்துச்சொல்வதுதான் இசை என்றால் எழுதுவதையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். 1946இல் அகமதாபாத் சாராபாய் குடும்பத்துக் கீதா நியூயார்க் போனார். கேஜிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, பதிலுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது தன் ஆசிரியர் சொன்னதைச் சொன்னார்: மனத்தைத் தெளியவைத்து அடக்க, தெய்வீகம் வந்து தங்க இடம் கொடுக்க. கேஜ் அதைப் பிடித்துக்கொண்டு இசை எழுதுவதைத் தொடர்ந்தார். 1952இல் நாலு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிக்கு ஒன்றுமே வாசிக்காத உருப்படி வந்தது அப்புறம்தான்.

அதை முதலில் மேடையேற்றிய டேவிட் டியூடர்தான் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தோடு ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். கீதாவும் அங்கே இசையமைத்தார். அங்கே பதிவான டேப்கள் இசைத்தட்டாக வெளிவந்தது 2023இல்.

மாசக்கடைசி:
தெய்வீகம் வாடகை கட்டாது, பழையடேப் சார். எனக்கு சரண்ஜித் சிங்தான் உதாரணம். பம்பாய் சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்துச் சம்பாதித்தவர். 1982இல் ரோலண்ட் 808 தாளப் பெட்டி, 303 பேஸ் சின்தசைசர் இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களில் ஒரு இசைத்தட்டு போட்டார். யாரும் சீண்டவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்ததும் வெளிநாட்டில் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அந்த 28 வருஷமும் அவர் சோற்றுக்கு இசைத்தட்டை நம்பவில்லை. கல்யாண வீடியோ வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒத்துக்காரர்பேரன்:
எங்கள் வீடு நாகஸ்வர வீடு. தாத்தா நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழலான ஒத்து ஊதியவர். ராத்திரி முழுக்கச் சாமி புறப்பாடு, நாயனக்காரர் மல்லாரி, ராகம் என்று எங்கெங்கோ போய்வருவார். தாத்தாவுக்கு ஒரே ஸ்வரம், அதுவும் மூச்சு அறுபடாமல். அதற்கு இப்போது ட்ரோன் மியூசிக் என்று பெயர் வைத்து டிக்கெட் போடுகிறார்கள். தாத்தாவைக் கேட்டால் “ஒத்து ஊதுறேன்” என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். சுருதிப் பெட்டி வந்து அந்த வேலையும் போனது.

சரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மாடியில் ஏழு பேருக்குப் போட்டேன் என்கிறீர்கள். ரவை காயும் சத்தத்தை அந்த ஏழு பேரைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் குரு. அவர் கேட்டாரா? எழுதவே இல்லையே.

தொப்பிப்பக்கம்:
கேட்கவில்லை. போட்டுக் காட்டத் தைரியம் இல்லை.

தொப்பிப்பக்கம் (ஒன்பது நாள் கழித்து):
கும்பகோணம் போய் வந்தேன். ஹெட்போன் வேண்டாம் என்றுவிட்டார், சின்ன ஸ்பீக்கரில்தான் போட்டேன். ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். நாற்பதாவது நிமிடம் வாக்கில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “ரவை ஜாஸ்தி அப்பிட்டே. அதான் ஆரம்பத்துல நாதம் எழும்பவே இல்ல. மெல்லிசா வெச்சுட்டு மறுபடி பண்ணு.” அவ்வளவுதான். அப்புறம் காபி வந்தது, யாருக்கோ கல்யாணம் என்று பேச்சு மாறிவிட்டது.

இது இசையா என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கும் பஸ்ஸில் திருவிடைமருதூர் தாண்டிய பிறகுதான் அது உறைத்தது.

நேற்று மறுபடி பதிவு செய்தேன். மெல்லிசாக வைத்ததில் 52 நிமிடத்திலேயே உதிர்ந்துவிட்டது. ஆனால் முதல் ‘தொம்’மே தெளிவாக விழுந்திருக்கிறது. கட்டத்தில் ‘மிருதங்கம், இடது பக்கம் மட்டும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மாசக்கடைசி:
வறுத்த ரவையா, வறுக்காததா?

தொப்பிப்பக்கம்:
வறுக்காதது. வறுத்ததில் கை வைத்தால் அம்மா விடமாட்டாள், அது உப்புமாவுக்கு.