பேசும் பட்டன்ல "சோறு" மட்டும்தான் அமுக்குறான், என்ன பண்றதுங்க?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:
வணக்கமுங்க. எங்க குட்டன் நாட்டு நாய், ரெண்டு வயசு. குரல் பதிவு பண்ற பட்டன் நாலு ஆன்லைன்ல வாங்கி "சோறு", "வெளிய", "விளையாட்டு", "தண்ணி"ன்னு என் சம்சாரம் குரல்ல பதிஞ்சு ஹால்ல வெச்சிருக்கோம். "சோறு" சட்டுனு பிடிச்சுக்கிட்டான். இப்ப விடிஞ்சதுலருந்து ராத்திரி வரைக்கும் அதேதான். மத்த மூணையும் சீந்தறதே இல்ல. கால் வெக்க மாட்டான், மூக்கை வெச்சு அழுத்துறான். பட்டன் சிமெண்ட் தரையில வழுக்கிட்டே போகுது, இவனும் பின்னாடியே போறான். கடைசில சோபாவுக்கு அடியிலருந்து "சோறு"ன்னு சத்தம் வருது.

அமுக்கினா எங்கம்மா ஒரு பிஸ்கட் போட்டுடறாங்க. "வாயைத் தொறந்து கேக்குது, இல்லைன்னு எப்புடிடா சொல்றது"ங்கறாங்க. பட்டனை எடுத்து அலமாரில வெச்சோம். அலமாரியப் பாத்துக் கொரைக்கறான். மத்த பட்டனை எப்படிப் பழக்கறது? அப்புறம், இவனுக்கு நெஜமாவே அர்த்தம் புரியுதா, இல்ல அமுக்கினா பிஸ்கட் விழும்ங்கறது மட்டும்தானா?

செக்போஸ்ட், வேலந்தாவளம்:
எங்க நாய் தட்டைக் கவ்வி வந்து கால்ல போடும். பட்டன் காசு மிச்சம்.

ஒலவக்கோட்டு அக்கா:
தம்பி, முதல்ல பட்டனை நகராம பண்ணுங்க. ஒரு ப்ளைவுட் துண்டுல நாலையும் வெல்க்ரோ போட்டு ஒட்டி, பலகைக்கு அடியில ரப்பர் பாய் விரிச்சிருங்க. எந்த வார்த்தை எங்க இருக்குன்னு இடத்தை வெச்சும்தான் நாய்ங்க பிடிச்சுக்கும், அதனால இடம் மாத்தவே கூடாது. எங்க வீட்டுல விலை கம்மியான பட்டன் ஒண்ணு ரொம்ப அழுத்தமா அமுக்கினாத்தான் பேசும். எடை கம்மியான நாய் ஒண்ணு ரெண்டு தரம் முயற்சி பண்ணிட்டு விட்டுரும். உங்க மத்த மூணும் அப்படி இருக்கான்னு விரலால அமுக்கிப் பாத்துருங்க.

ரெண்டாவது, சாப்பாட்டுல ஆரம்பிச்சா எந்த நாயும் அங்கயேதான் நிக்கும். அதனாலதான் பல பேரு "வெளிய"வுல தொடங்கச் சொல்றாங்க. இதுக்கெல்லாம் வழி காட்டினது கிறிஸ்டினா ஹங்கர்னு ஒரு அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வராத குழந்தைங்களுக்கு வார்த்தைப் பலகை வெச்சுப் பழக்கறது அவங்க தொழில். அதையே 2018ல தன் நாய் ஸ்டெல்லாவுக்குப் பண்ணிப் பாத்தாங்க. அவங்க முறையில நாயை அமுக்க வெக்கறது கிடையாது, நாமதான் அமுக்கிக் காட்டணும். கேட்டைத் தொறக்கப் போறதுக்கு கொஞ்சம் முன்னாடி "வெளிய"ன்னு வாயாலயும் சொல்லி, பட்டனையும் அமுக்கி, உடனே தொறங்க. பந்தைத் தூக்கறதுக்கு முன்னாடி "விளையாட்டு". தினமும் பல தடவை. அவன் அமுக்கணும்னு காத்துட்டு நிக்காதீங்க. காலைப் பிடிச்சு பட்டன் மேல வெக்கவே வேண்டாம், சில நாய் அந்தப் பலகையையே கண்டா ஒதுங்கிப் போயிரும்.

"சோறு" பட்டனை மறுபடி கீழ வெச்சிருங்க. ஒவ்வொரு தடவையும் தீனி போடாதீங்க, ஆனா காது கேக்காத மாதிரியும் இருக்காதீங்க. "சோறு அப்புறம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும் பட்டனை அமுக்கி, தட்டை வைங்க. பிஸ்கட் நிக்கற வரைக்கும் எதுவும் மாறாது. உங்கம்மாகிட்ட பேசறது உங்க பாடு.

கால்நடை, பொள்ளாச்சி:
ஒரு விஷயம் விட்டுப் போச்சு. பசி திடீர்னு கூடுச்சா, இல்ல எப்பவுமே இப்படியா? குடற்புழு மருந்து கொடுத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா கொடுத்துருங்க. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடுதுன்னா பசியும் தாகமும் சேர்ந்தே கூடும். நல்லாச் சாப்பிட்டும் உடம்பு எளைச்சா பட்டனை விட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

வாத்தியார், சித்தூர்:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்குப் போடுதுன்னு ஊரே நம்புச்சு. குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபங்ஸ்ட்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1907ல சோதிச்சுப் பாத்தார். கேள்வி கேக்கறவருக்கே விடை தெரியாதப்ப குதிரையும் தப்பாத் தட்டுச்சு. அது பாத்ததெல்லாம் எதிர்ல நிக்கறவரோட தலையசைவும் உடம்பசைவும்தான். உங்க குட்டனும் உங்கம்மா முகத்தைப் பாத்துட்டுத்தான் அமுக்கறானான்னு கவனிங்க.

ஒலவக்கோட்டு அக்கா:
வாத்தியார் சொல்றது நியாயம். ஆனா அதையும் சோதிச்சிருக்காங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ வளாகத்துல ஃபெடெரிகோ ரொசானோ குழு 2024ல 59 நாயை வெச்சுப் பாத்தாங்க. பட்டனை நாய் அமுக்கல, மனுசங்கதான் அமுக்கினாங்க. வளர்த்தவங்க அமுக்கினாலும், முன்னப்பின்ன தெரியாத ஆளு அமுக்கினாலும், வாயால சொன்னாலும், "வெளிய", "விளையாட்டு" ரெண்டுக்கும் நாய்ங்க அதுக்கேத்த மாதிரிதான் நடந்துச்சாம். அதே வருசம் 152 நாயோட அமுக்கல்களை வெச்சு இன்னொரு கட்டுரை. ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கறது வெறும் குருட்டாம்போக்கும் இல்ல, ஆளுங்க அமுக்கறதப் பாத்து அப்படியே செய்யறதும் இல்லைன்னு சொன்னாங்க. அதுக்காக வீடியோவுல நாய் "நான் யாரு"ன்னு கேக்குதுன்னு போடறதெல்லாம் நான் நம்பமாட்டேன்.

தோப்புக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, எடை சரியாத்தான் இருக்கு. பலகை அடிச்சாச்சு. தண்ணி பட்டன் அக்கா சொன்ன மாதிரி கல்லு மாதிரி இருந்துச்சு, மாத்திட்டேன்.

தோப்புல கள்ளு எறக்க வர்ற அண்ணனை வெச்சு ஒரு சோதனை பண்ணினேன். நாங்க எல்லாரும் சமையல்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டோம். அவரு "வெளிய" அமுக்கினதும் குட்டன் நேரா கேட்டுக்குப் போய் நின்னுட்டான். "விளையாட்டு"க்கு அவரு முகத்தையே பாத்துட்டு நின்னான், பந்து பக்கத்துலயே கெடந்தும் தொடல. "சோறு"க்கு சமையல்கட்டுக்கு ஓடி வந்து எங்களைக் காட்டிக் கொடுத்துட்டான்.

வாத்தியார், சித்தூர்:
அந்த அண்ணன் வந்தாலே கேட்டுக்கு ஓடற பழக்கம் அவனுக்கு உண்டா? இருந்தா "வெளிய"வை இன்னொரு ஆளை வெச்சும் பாத்துருங்க.

தோப்புக்காரன்:
உண்டுங்க. சரி, பக்கத்து வீட்டுப் பையனை வெச்சுப் பாக்கறேன். இன்னொண்ணு, ராத்திரி பலகையைத் தூக்கி மேல வெச்சுரலாமா? ரெண்டு மணிக்கு "சோறு" கேட்டா தூக்கம் போயிருது.

செக்போஸ்ட், வேலந்தாவளம்:
தாராளமா வைங்க. நாங்க டிவியவே நிறுத்திட்டுத்தான் படுக்கறோம்.

ஒலவக்கோட்டு அக்கா:
நான் வெக்கமாட்டேன். வயித்தால போற அன்னைக்கு அவன் எதை அமுக்குவான்? "சோறு" ஒண்ணை மட்டும் பலகையிலருந்து கழட்டி வைங்க, "வெளிய" இருக்கட்டும்.

கால்நடை, பொள்ளாச்சி:
அவசரம்னா எந்த நாயும் கதவைப் பிறாண்டி எழுப்பிரும். நீங்க தூங்குங்க.

தோப்புக்காரன்:
இப்போதைக்கு மேல வெக்கறேன். அம்மா இப்ப தன் குரல்லயும் ஒரு பட்டன் வேணும்ங்கறாங்க. எந்த வார்த்தை வெக்கலாம்?

ஒலவக்கோட்டு அக்கா:
"தண்ணி"யை அவங்க குரல்ல மாத்திப் பதிஞ்சு குடுங்க. வெயிலுக்குச் சட்டி சீக்கிரம் காலியாயிரும், அமுக்கினா ஊத்தற வேலையும் அவங்களுக்கே. "பிஸ்கட்"னு மட்டும் கேட்டா பதிஞ்சு குடுத்துராதீங்க.