அம்மாவின் ஆண்ட்ராய்டு 5.1 போன்: எம்எம்எஸ்ஸை அணைத்தால் போதுமா?

கேள்வி:
அம்மா 2015-ல் வாங்கிய போனைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 5.1. ஒரு அப்டேட்கூட வந்ததில்லை. வீடியோ கோப்பு வழியாகப் போனுக்குள் நுழைய விடும் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை பற்றி இப்போதுதான் படித்தேன். எம்எம்எஸ் (படம், வீடியோ வரும் மெசேஜ்) தானாக இறங்குவதை அணைத்துவிட்டேன். இது போதுமா? பேத்தி வீடியோவெல்லாம் அதில்தான் பார்க்கிறார், பிடுங்க மனசு வரவில்லை.

பதில் 1:
போதும் அண்ணா. இப்போது யார் எம்எம்எஸ் அனுப்புகிறார்கள்?

பதில் 2:
போதாது. எம்எம்எஸ் ஒரு வாசல்தான். எம்பி4 வீடியோ எந்த வழியாக வந்தாலும், பிரவுசர் வழியாக வந்தாலும்கூட, அதைப் பிரித்துப் படிப்பது ஆண்ட்ராய்டுக்குள் இருக்கும் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற நிரல் தொகுப்புதான்.

நான் போன் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். அந்த நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறேன். எம்பி4-ல் சப்டைட்டிலுக்கு டிஎக்ஸ்3ஜி என்றொரு பகுதி உண்டு. முன்பே சேர்ந்த அளவையும் புதிதாக வரும் அளவையும் கூட்டி, அவ்வளவு மெமரி ஒதுக்குவார்கள். 32 பிட்டில் அந்தக் கூட்டுத்தொகை 4294967295-ஐத் தாண்டினால், பழைய பைக்கின் கிலோமீட்டர் 99999-க்கு அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்புகிற மாதிரி, சின்ன எண்ணாகிவிடும். ஒதுக்கியது ஆழாக்கு, கொட்டுவது மரக்கால். வழிவது பக்கத்து மெமரியில் விழும். என்ன விழ வேண்டும் என்பது கோப்பைத் தயாரித்தவன் கையில். இந்த நிரலை ஓட்டிய, ஆண்ட்ராய்டின் மீடியாசர்வர் என்ற பின்னணிச் சேவைக்கோ கேமரா, மைக் இரண்டையும் தொட அனுமதி இருந்தது.

இதை அடைக்க விட்ட முதல் பேட்ச்சும் (திருத்தமும்) ஓட்டைதான். கூட்டுவதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். கோப்பில் வரும் அளவு 64 பிட்டாக இருக்க முடியும் என்பதை அதில் விட்டுவிட்டார்கள்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. இதைக் கண்டுபிடித்த ஜோஷுவா டிரேக் 2015 ஏப்ரலிலேயே பேட்ச்சும் சேர்த்து கூகுளிடம் கொடுத்தார். அவர்களும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். மருந்து இருந்தது, உங்கள் அம்மா கைக்கு வந்து சேரவில்லை.

கேட்டவர்:
புதுப் போன் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 2:
செட்டிங்கில் ‘போனைப் பற்றி’ போய், பாதுகாப்பு பேட்ச் தேதியைப் பாருங்கள். கூகுள் மாதாமாதம் பேட்ச் விட ஆரம்பித்ததே இந்த ஓட்டைக்குப் பிறகு, 2015 ஆகஸ்டில்தான். ஆண்ட்ராய்டு 7.0-ல் மீடியாசர்வரையே பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தார்கள்.

பழையதைப் பிடுங்க வேண்டாம். சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்து, பேத்தி வீடியோக்களை நீங்களே கேபிளில் ஏற்றிக் கொடுங்கள். வங்கி ஆப் இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.