௧ எது, க எது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்து வாங்கி, பைத்தான் என்ற நிரல்மொழியில் கூட்டிப் பார்க்கிறேன். தமிழ் இலக்கத்தில் ௧௨ என்றிருந்தால் 12 என்று சரியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அடித்தவர் பல இடங்களில் ௧-க்குப் பதில் க எழுத்தைப் போட்டுவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இலக்கம் ௧-இன் எண் 3047, எழுத்து க-வின் எண் 2965. ௨, ௭, ௮ இலக்கங்களுக்குப் பதில் வந்த உ, எ, அ-விலும் இதே கூத்து.

சரி, இதைத் தேடி மாற்றிவிடலாம். பெரிய தலைவலி பத்தைக் குறிக்கும் ௰. இருபத்தைந்தைக் கொள்ளுத்தாத்தா ௨௰௫ என்று எழுதியிருக்கிறார். ௰ யூனிகோடில் 0 முதல் 9 வரையான இலக்கங்களோடு சேராமல் தனி எண்குறியாக இருப்பதால் பைத்தான் பிழை காட்டுகிறது. ௱ (நூறு), ௲ (ஆயிரம்) வந்தாலும் அப்படித்தான்.

இவற்றைப் படிக்கும் நிரல் யாரிடமாவது இருக்கிறதா? நானே எழுதினால், ௰-க்கு முன்னால் இலக்கம் இல்லாதபோது ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா?