உரக் கொட்டகைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் என்ன அலாரம் பூட்டுவது?

கந்தப்பளை லீக்ஸ்காரன்

போன மாதம் ஒரு மழை இரவில் எங்கள் உரக் கொட்டகையின் பூட்டை அறுத்து, தண்ணீர் இறைக்கும் மோட்டரையும் மருந்தடிக்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டிலிருந்து 60 மீற்றர் கீழே, பள்ளத்தில் இருக்கிறது கொட்டகை. தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. உரத்தை விட்டுவிட்டுப் போனார்கள், பாரம் போலிருக்கிறது. 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஏறிய ஏற்றத்தில், நான் ஒரு மூட்டையை நகை போலத்தான் பார்க்கிறேன்.

வீடு பழைய கருங்கல் கட்டடம். அத்துடன் உரக் கொட்டகை, இரண்டு பசு நிற்கும் கொட்டில். மூன்றுக்கும் சேர்த்து அலாரம் வேண்டும். வயர் இழுப்பதா, வயர் இல்லாததா? கடைக்காரர் வயர் இல்லாததைத்தான் வாங்கச் சொல்கிறார். அவர் கடையில் இருப்பதும் அது ஒன்றுதான்.

பண்டாரவளைப் பையன்

வயர் இல்லாததையே வாங்குங்கள், அண்ணே. நான் ஒரே பின்னேரத்தில் பூட்டி முடித்தேன். கதவுகளுக்குக் காந்த சுவிட்ச், நடு அறைக்கு அசைவு சென்சர், சிம் போட்ட பெட்டி ஒன்று. யாராவது கதவைத் திறந்தால் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்துவிடும். கருங்கல் சுவரைத் துளைத்து வயர் இழுக்கப் போனால் மேசனுக்குக் கொடுக்கும் கூலியில் இன்னொரு மோட்டர் வாங்கலாம்.

ஹட்டன் வயர்மேன்

தம்பி பூட்டியது வீட்டுக்குள். இவர் கேட்பது பள்ளத்தில் கிடக்கும் தகரக் கொட்டகைக்கு. இந்த மலிவுச் செட்டுகளில் பெரும்பாலானவை 433 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்பவை. அட்டைப் பெட்டியில் 100 மீற்றர் என்று அச்சடித்திருப்பார்கள். அது வெட்டவெளி மைதானத்துக் கணக்கு. இங்கே சென்சர் தகரத்துக்குள், பெட்டி கருங்கல்லுக்குள், நடுவில் ஒரு மண்திட்டு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. மலிவான சென்சருக்குச் சொல்ல மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. தான் கொடுத்த தகவல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அதன் பற்றரி செத்துப்போனாலும் பெட்டி பேசாமல் இருக்கும். நீங்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துத் தூங்குவீர்கள். வயரில் கதவு மூடியிருக்கும் வரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தாலும் அடிக்கும், வயரை வெட்டினாலும் அடிக்கும். வயரின் கடைசி முனையில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, சேர்த்துவிட்டால் வயர் இரண்டையும் ஒட்டி ஏமாற்றவும் முடியாது.

பண்டாரவளைப் பையன்

இடியை மறந்துவிட்டீர்களா? ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 60 மீற்றர் வயர் போட்டால், பக்கத்தில் எங்கேனும் இடி விழுந்தாலே போதும், பெட்டி கருகிவிடும். முள்ளம்பன்றி தோண்டும், மண்வெட்டி வெட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை உங்களையே அழைக்க வேண்டியிருக்கும். ஒருவேளை அதற்காகத்தான் சொல்கிறீர்களோ?

ஹட்டன் வயர்மேன்

என் பிழைப்பைப் பற்றிய கவலை தம்பிக்கு வேண்டாம். இடி பற்றிச் சொன்னது சரி, அதை மறுக்கவில்லை. பி.வி.சி. குழாய்க்குள் வயரை விட்டு இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் வைத்து, அதற்கு நல்ல எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாத தடுப்பான் வெறும் அலங்காரம். மண்வெட்டி வெட்டினால் அந்த நிமிடமே சைரன் அடித்துவிடும். அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராகலை டீச்சர்

கமரா ஆசை வந்தால் முதலில் என் கதையைக் கேளுங்கள். முற்றத்தில் ஒன்று பூட்டினோம். மூடுபனி இறங்கிய இரவுகளில் திரை முழுவதும் வெள்ளை. கமராவின் அகச்சிவப்பு ஒளி பனித்துளிகளில் பட்டு அதன் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கதிர் பாய்ச்சும் சாதனமும் அப்படித்தான். அடர்ந்த பனி கதிரை மறைத்தால், ஆள் நடந்ததாக நினைத்துக் கத்துகிறது.

கொட்டிலில் அசைவு சென்சர் வைக்கவே வைக்காதீர்கள். அது பார்ப்பது உடம்புச் சூட்டின் நகர்வை. மாடு எழுந்தாலும் படுத்தாலும் அதற்குத் திருடன்தான். பூனை, நாய்க்கு அடிக்காது என்று விற்கும் வகைகளும் 20, 25 கிலோ வரைதான் பொறுத்துக்கொள்ளும். பசுவுக்கு எந்தக் கணக்கு? எங்கள் கோழிக்கூட்டுச் சென்சர், கண்ணாடியில் சிலந்தி நடந்ததற்கெல்லாம் ஊரை எழுப்பியது. இரண்டாவது வாரத்திலேயே அக்கம்பக்கத்தார் சைரன் கேட்டுத் திரும்பிப் படுக்கப் பழகிவிட்டார்கள்.

பழைய கங்காணி

சென்சராம், கதிராம். இரண்டு நாய் வளர்த்தால் தீர்ந்தது. நாங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் பூட்டு என்று ஒன்று வாங்கியதில்லை.

ராகலை டீச்சர்

ஐயா, லயத்தில் சுவருக்குச் சுவர் ஆள் இருந்தார்கள். இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இவர் வீடு தனிவீடு. நாயைச் சொன்னீர்கள், எங்கள் பக்கத்தில் போன வருடம் மட்டும் மூன்று நாய்களைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது.

வேலிக்காரன்

கொட்டகையைச் சுற்றி வெறும் கம்பி இழுத்து, இரவில் வீட்டுக் கரண்டைக் கொடுத்துவிடுங்கள். சைரனும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம்.

ஹட்டன் வயர்மேன்

இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்துங்கள். 230 வோல்ட் வீட்டுக் கரண்டை நேரே கொடுத்த வேலி சட்டப்படி குற்றம். பன்றிக்கு இழுத்த கம்பியில் மனிதர் செத்த செய்தியை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்? விடியற்காலையில் பால் கறக்கப் போகும் உங்கள் வீட்டு ஆள்தான் முதலில் மிதிப்பார்.

ராகலை டீச்சர்

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாட்களில் செத்தது. அதற்காகவா அந்தக் கம்பியைக் கட்டினார்கள்?

கந்தப்பளை லீக்ஸ்காரன்

கரண்ட் வேலி வேண்டவே வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மின்வெட்டுக்கு என்ன வழி?

ஹட்டன் வயர்மேன்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்களே, அதை வைத்தே கணக்குப் போடுங்கள். பெட்டியும் வயர்ச் சென்சர்களும் சும்மா இருக்கும்போது மொத்தம் 150 மில்லி அம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி காகிதக் கணக்கில் 46 மணிநேரம் தாங்கும். பழசானது, குளிர் என்று பாதியைக் கழித்தாலும் ஒரு நாள் ஓடும். அதே பற்றரியில் ரவுட்டரையும் கமராவையும் தொங்கவிட்டால் ஒரு அம்பியர் போய்விடும். ஆறு மணிநேரம் வந்தால் புண்ணியம். நீண்ட வெட்டில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும். அப்போது சிம் பெட்டி யாரை அழைக்கும்?

பண்டாரவளைப் பையன்

சிம்மைக் குறை சொல்லாதீர்கள். நான் கொழும்பில் இருக்கும்போது வீட்டைப் பற்றி எனக்குச் சொல்வது அது ஒன்றுதான். ரீலோட் போட மறந்து ஒரு தடவை சிம் செத்துப்போனது உண்மை. அது என் பிழை.

பழைய கங்காணி

நாய் வேண்டாம் என்றால் விடுங்கள். ஒன்று கேட்கிறேன். அந்தச் சைரனை எங்கே கட்டப் போகிறீர்கள்? கொட்டகையில் கட்டினால் மழையில் உங்களுக்கும் கேட்காது, திருடன் ஏறி ஒரே அடியில் உடைத்துவிடுவான். படுக்கையறையில் கட்டுங்கள். அவனுக்குத் தெரியக் கூடாது. நாலு பேர் போய் ஆளைப் பிடிக்கலாம்.

ராகலை டீச்சர்

அறுக்கும் வாளோடு வந்தவனை இருட்டில் எதை வைத்துப் பிடிப்பீர்கள், ஐயா? அவன் ஓடினால் போதும், மோட்டர் மிஞ்சும். கொட்டகையிலும் அடிக்கட்டும், படுக்கையறையிலும் அடிக்கட்டும். பொலிஸ் 119க்கு அழைத்துவிட்டு வெளி விளக்கைப் போடுங்கள். கீழே மட்டும் இறங்காதீர்கள்.

பழைய கங்காணி

டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது போலவே நடத்துகிறார். திருடன் ஓடினால் அடுத்த வாரம் அடுத்த தோட்டத்துக்குத்தான் போவான்.

கந்தப்பளை லீக்ஸ்காரன்

இப்படிச் செய்யப் போகிறேன். வீட்டுக்குள் தம்பி சொன்னபடி வயர் இல்லாத சென்சர்கள். கருங்கல்லைத் துளைக்க எனக்குத் தெம்பில்லை. கொட்டகைக்கு மட்டும் வயர். இரண்டு வகையையும் ஏற்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். கொட்டிலில் கதவுக்குக் காந்த சுவிட்ச் மட்டும் போதும். படுக்கையறையில் ஒரு சைரன், கொட்டகைக் கூரைக்கு உள்ளே ஒன்று. மேல்வளவுச் சித்தப்பா தன் வீட்டு இறவாரத்திலும் ஒன்று கட்டச் சொல்கிறார். அவருக்குக் காது மந்தம் என்பதுதான் யோசனை.

குழி வெட்டத் தொடங்கிவிட்டோம். 20 மீற்றர் ஆனதும் பாறை வந்துவிட்டது.

ஹட்டன் வயர்மேன்

பாறையைச் சுற்றிப் போங்கள், மேலால் கொண்டுபோக வேண்டாம். குழாயைப் போட்டதும் மூடாமல் படம் எடுத்து இங்கே போடுங்கள். வளைவுகளில் தண்ணீர் தேங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.