புதுப்பிப்பு: தூத்துக்குடி வெள்ள முகாம், எலிக்காய்ச்சல் மாத்திரையும் தொட்டித் தண்ணீரும்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் எங்கள் பங்குக் கோயில் நடத்தும் மருத்துவ முகாமுக்காக, தொட்டித் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை யாருக்கு எப்படிக் கொடுப்பது, மருந்து வரிசையில் ஜெபச்சீட்டு (ஜெபம் அச்சிட்ட தாள்) கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

தொட்டிக்கு, "முதலில் படிகாரம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கலங்கல் நீர் குளோரினைத் தின்றுவிடுகிறது. படிகாரம் போட்டுத் தெளிந்தபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் (குளோரின் தருவது). வாளியில் கரைத்து, அடிமண்டியை விட்டு மேல்நீரை மட்டும் ஊற்றினோம். அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் நின்றது.

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 200 மி.கி., வாரம் ஒருமுறை, வெள்ளநீரில் இறங்கிய பெரியவர்களுக்கு மட்டும், மருத்துவர் பார்த்தபின். கர்ப்பிணிகளுக்கு இல்லை. எதிர்பாராதது, வெறும் வயிற்றில் போட்டவர்களுக்கு வாந்தி. இப்போது கஞ்சிக்குப் பிறகுதான் மாத்திரை. டம்ளர் நிறையத் தண்ணீர், உடனே படுக்கக் கூடாது.

மருந்து வரிசையில் ஜெபச்சீட்டு வேண்டாம் என்றவர் சொன்னதும் சரி. அது இல்லாததால் பள்ளிவாசல் தெருக்காரர்களும் தயங்காமல் வருகிறார்கள்.