பேட்ச்: திட்டா, புலமா, துறையா?

சென்னையிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மைகிரேஷனுக்கு வலசை என்ற சொல் இருக்கிறது. பேச்சில் எல்லோரும் பைனாகுலர் என்றாலும் எழுத இருநோக்கி இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ‘யார்டு’ என்று ஒரு பட்டியலும் ‘பேட்ச்’ என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்தபடியே பார்த்ததும் கேட்டதும் முதலாவதில் சேரும். அக்கம்பக்கத்தில் நாம் திரும்பத் திரும்பப் போகும் இடம் இரண்டாவது. எனக்கு அது கோட்டூர்புரம் பாலத்தை ஒட்டிய அடையாற்றுக் கரை. யார்டுக்குக் ‘கொல்லை’, பேட்சுக்குத் ‘திட்டு’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். ஒரு நண்பர் ‘உள்ளூர்க்களம்’ என்றார், இன்னொருவர் ‘அண்மைப்புலம்’ என்றார். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உங்கள் கருத்து வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

முதலில், திட்டு வேண்டாம். எங்கள் பக்கம் திட்டு என்றால் ஆற்றுக்கு நடுவே மண் மேடிட்டுக் கிடக்கும் இடம். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலைமேடுதிட்டு சனங்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள் என்று செய்தி வரும். ‘என் திட்டில் இன்று 31 பறவை’ என்று நான் எழுதினால், படகிலா போனாய் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோ யாரிடம் திட்டு வாங்கினீர்கள் என்பார்கள்.

ஆங்கிலச் சொல்லையே உள்ளே போய்ப் பார்த்தாலும், துண்டு நிலம் என்பது அதன் மேல்தோல்தான். இங்கிலாந்துப் போலீஸ்காரர் தாம் சுற்றிவரும் பகுதியையும் பேட்ச் என்றுதான் சொல்வார். ஒருவர் விடாமல் அங்கே போய்வருகிறார் என்பதில்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். நம் சொல்லிலும் அந்தப் போக்குவரத்து தெரிய வேண்டும். நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், எனக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கல்லணைக் கால்வாய். 1934இல் வந்தது, அதனால் தஞ்சாவூரில் இன்றைக்கும் அது புதாறுதான். தொண்ணூறு வயதாகியும் புது ஆறு. வீட்டுப் படி இறங்கினால் ஏழு நிமிட நடை. ஒரு பாலத்தில் தொடங்கி அடுத்த நீரொழுங்கி, அதாவது மதகு வரை ஒன்றரைக் கிலோமீட்டர். பதினோரு வருடமாக அதே கரை, அதே காலை நேரம்.

தண்ணீர் இருக்கிற வருடமானால் ஜூன் 12 மேட்டூரைத் திறப்பார்கள். சில நாளில் கல்லணை. அதற்கப்புறம் எங்கள் பாலத்தடிக்கு முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாக வரும். அன்றைக்கு மடையான் கொக்குகள் கரையோரம் வரிசை கட்டி நிற்கும். தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் பூச்சியும் தவளையும் அவற்றுக்கு விருந்து. ஜனவரி 28 வாக்கில் ஆறு அடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தங்கும். அந்த இரண்டு மூன்று வாரம் நத்தைகுத்தி நாரை, சின்ன நீர்க்காகம், சிறுவெண் கொக்கு எல்லாம் ஒரே குட்டையில் இடித்துக்கொண்டு மீன் பிடிக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் வந்து போகிறவர் ‘இங்கே பறவை அதிகம்’ என்று எழுதிவைப்பார். ஆறு அடைத்ததனால் வந்த கூட்டம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நீரொழுங்கிக்குக் கீழே தண்ணீர் சுழலும் இடத்தில் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி இணை இருக்கிறது. தண்ணீருக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அலகு நேர் கீழே. சில நேரம் பாயாமல் ஒரு முழம் இறங்கி, மறுபடி நின்று பார்க்கும். பாய்ந்தால் ‘சளப்’ என்ற சத்தத்தோடு சரி. மீனைக் கவ்விவந்து கைப்பிடிக் கம்பியில் இரண்டு அறை, பிறகு தலைப்பக்கமாக விழுங்கிவிடும். ஆணுக்கு நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டை. பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் அறுந்திருக்கும். இதை நான் முதலில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஆண் எப்போதும் கிழக்குக் கம்பி, பெண் மதகின் பல்சக்கரத்துக்கு மேலே என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, வருத்தமானது. கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டபோது கரையின் மண்சுவர் மறைந்தது. பஞ்சுருட்டானும் வெண்மார்பு மீன்கொத்தியும் அந்த மண்ணில்தான் வளை தோண்டிக் கூடு வைக்கும். என் பழைய நோட்டில் ஒரு ஏப்ரலில் ஒன்பது வளை என்று எழுதியிருக்கிறது. போன ஏப்ரலில் இரண்டு, அவையும் கான்கிரீட்டுக்கு மேலே எஞ்சிய சாண் அளவு மண்ணில். நோட்டு இல்லாவிட்டால் எனக்கே இது உறைத்திருக்காது. ஏதோ குறைந்த மாதிரி இருக்கிறது என்று கடந்து போயிருப்பேன்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற ஊரில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இருந்தார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த மூன்று சிறு கதிர்க்குருவிகளைப் பாட்டை வைத்து மூன்று இனம் என்று பிரித்துச் சொன்னவர். தூர தேசம் எதற்கும் போய் அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, சொந்த ஊரின் மரத்தடிகளில் கேட்டதுதான். நாம் சொல் தேடும் காரியம் அவ்வளவு பழையது.

இனி சொற்களுக்கு வருவோம். நான் எந்தச் சொல்லையும் வேற்றுமை உருபு சேர்த்து ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பேன். தனியாக நிற்கும்போது அழகாக இருக்கும் சொல் ‘இல்’ சேர்ந்ததும் காலை வாரிவிடும்.

‘களத்தில்’ என்றால் எங்களுக்கு நெல் அடிக்கும் களம். அது போகட்டும், களப்பணி என்று பொதுவில் வழங்குகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கொரு முறை வேடந்தாங்கல் போகிறவரும் களத்தில்தான் இருக்கிறார். ‘புலத்தில்’ என்றால் இலங்கை நண்பர்களுக்கு வெளிநாடு. ‘பாடு’ என்ற சொல்மேல் எனக்கு ஆசை உண்டு. பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். இடமும் முறையும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது! ஆனால் ‘என் பாட்டில் 31 பறவை’ என்று எழுதிப் பாருங்கள். மனசில்லாமல்தான் அதை விட்டேன்.

மிஞ்சியது ‘துறை’. துறைக்குத் தினமும் போவோம். குளிக்க, துவைக்க, தண்ணீர் எடுக்க. ஒரு முறை போன இடத்தை யாரும் துறை என்பதில்லை. கால் பழகிய இடம்தான் துறை. சங்கப் பாட்டில் நீர் எடுக்கும் இடம் உண்துறை. எங்கள் மாவட்டத்தில் ஆடுதுறை இருக்கிறது, பக்கத்தில் மயிலாடுதுறை இருக்கிறது, அதில் ஏற்கெனவே பறவை ஆடிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் முழுக்கத் தேர்ந்தவரைத் துறைபோகியவர் என்கிறோம். ஆகவே ‘காண்துறை’. காண்பதற்காகப் போய்ப் போய்ப் பழகிய இடம். ‘என் காண்துறையில் இன்று 31 பறவை.’ எங்கும் இடறவில்லை.

கொல்லை எனக்குப் பிடித்த சொல். ஆனால் பள்ளிக்கூட அறிவிப்பு ஒன்றில் ‘கொல்லைப்புறப் பறவைகள்’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் மருமகள் ‘கேழ்வரகுக் கொல்லைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்களா?’ என்று கேட்டாள். அவர்கள் ஊரில் கொல்லை என்றால் மானாவாரி நிலம். வீட்டுக்கு வேறு சொல் யாராவது சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்காவுக்கு அன்பு வணக்கம்.

வீட்டுக்கு எங்களிடம் சொல் இருக்கிறது: வளவு. வீடு, கிணற்றடி, மா, முருங்கை, சுற்றிவர வேலி எல்லாம் சேர்ந்தது வளவு. ‘எங்கட வளவுக்குள்ள பாம்பு வந்திட்டுது’ என்று சொல்லுவோம். வளைத்து எடுத்த இடம் என்ற பொருள் சொல்லிலேயே தெரிகிறது. வளவில், வளவுக்கு, வளவுப் பறவை, வளவுப் பட்டியல். உங்கள் சோதனையில் தேறும் என்று நினைக்கிறேன்.

என் வளவில் விடிந்ததும் முதல் வருகிறவை புலுனிகள். நீங்கள் தவிட்டுக்குருவி என்பது இதைத்தான். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, எங்கள் கிணற்றடிச் சேற்றில் இலை புரட்டிக்கொண்டு நிற்கும். வேலியில் இன்னொரு ஆள். கிளுவை அடர்ந்த மூலையிலிருந்து ‘டக்… டக்’ என்று, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாற்போல ஒரு சத்தம். ஒரு முழு மாரிகாலம் சத்தம் மட்டும்தான் கேட்டேன். அடுத்த வருடம் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தபோது இலைகளுக்கு நடுவே ஒரு கணம் வெளியே வந்தது: மண்ணிறம், அடையாளம் சொல்ல ஒன்றுமில்லாத சிறு குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கூடு வைக்கும் இனம், மாரிக்கு எங்கள் வேலிக்கு வருகிறது. அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

காண்துறையில் ஒரு தயக்கம். எங்களுக்குத் துறை என்றால் கப்பல் வரும் இடம். காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை. காண்துறை என்று கேட்டதும் இது எந்தக் கடற்கரை என்றுதான் யோசித்தேன்.

கோவையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கமுங்க.

எங்கள் பக்கமும் வளவு உண்டு. ஆனால் அது ஒரு வீடு மட்டுமல்ல, நாலைந்து வீடு சேர்ந்தது. பரவாயில்லை, பொருள் விலகவில்லை, பழகிக்கொள்ளலாம். என் கேள்வி வேறு. நான் போகும் இடம் வேலமரமும் கள்ளியும் நிற்கும் மேட்டுக்காடு. கவுதாரி, வானம்பாடி, ஆட்காட்டி. தண்ணீரே இல்லாத இடத்தைத் துறை என்றால் ஒட்டுமா? இன்னொன்று, இலக்கணம் பார்க்கிறவர்கள் ‘காண்டுறை’ என்றல்லவா எழுதச் சொல்வார்கள்?

தஞ்சாவூரிலிருந்து

வளவைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. தங்கைக்கு நன்றி. இனி எங்கள் வீட்டிலும் அதையே சொல்லப்போகிறேன். சென்னையில் பால்கனி மட்டும் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். ‘வளவில் நின்று கண்டது, கேட்டது’ என்று விளக்கம் வைத்தால் போதும். மூன்றாம் மாடியில் நாற்காலி போடும் நாலடி இடமும் வளவுதான். மேலே வட்டமிடும் பருந்தும் வளவுப் பட்டியலில் சேரும்.

துறைமுகக் கேள்விக்கு: பருத்தித்துறையும் ஒரு காலத்தில் பருத்தி ஏற்றி இறக்கப் போய்ப் போய்ப் பழகிய இடமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? முன்னால் ஊர்ப்பெயரோ பொருளோ நின்றால் அது துறைமுகம். ‘காண்’ என்ற வினை நின்றால் நம்முடையது. நாலு முறை எழுத்தில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

தண்ணீர் இல்லாத இடம் என்ற கேள்வி நியாயமானது, அதை இரண்டு நாள் மனசில் போட்டு உருட்டினேன். வரலாற்றுத்துறையிலும் மின்துறையிலும் தண்ணீர் இல்லை. சொல் எப்போதோ கரையேறிவிட்டது. உங்கள் மேட்டுக்காட்டில் அது தாராளமாக நடக்கும்.

எழுத்தைப் பொறுத்தவரை ‘காண்துறை’ என்று பிரித்தே எழுதுவோம். உண்துறையையும் அப்படி அச்சிடுகிறார்கள். காண்டுறை என்று சேர்த்தால் புதியவருக்குக் ‘காண்’ கண்ணில் படாது, சொல் வந்த வழி மறைந்துபோகும்.

சென்னையிலிருந்து

கையேட்டில் இப்படி எழுதிவிட்டேன், பிழை இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்:

வளவு: நீங்கள் வசிக்கும் இடமும் அதை ஒட்டிய வெளியும். முற்றம், மாடி, பால்கனி எல்லாம் அடங்கும். அங்கே நின்று கண்ட, கேட்ட பறவைகளை வளவுப் பட்டியலில் எழுதுங்கள்.

காண்துறை: நடந்தோ சைக்கிளிலோ எளிதில் போய்வரக்கூடிய, நீங்கள் வருடம் முழுதும் திரும்பத் திரும்பப் போகும் ஒரே இடம். ஆற்றங்கரை, வாய்க்கால், குளம், மைதானம், மேட்டுக்காடு எதுவாகவும் இருக்கலாம். பறவை ஒன்றும் இல்லாத நாளிலும் போங்கள், போனதை எழுதுங்கள்.

கடைசி வரி தஞ்சாவூர் அம்மாவின் நோட்டை நினைத்து எழுதியது.

யாழ்ப்பாணத்திலிருந்து

இன்று காலை எழுதியது, அப்படியே அனுப்புகிறேன்.

வளவு, 6.10 முதல் 6.30 வரை: புலுனி 7, செண்பகம் 1, மாங்குயில் 1, வேலியில் கதிர்க்குருவி 1 (சத்தம் மட்டும்).

காண்துறை, வழுக்கையாறு அராலிப் பக்கம் கடனீரேரியில் விழும் இடம், 7.00 முதல் 7.50 வரை: நெடுங்கால் உள்ளான் 22, பவளக்காலி 5, சின்ன நீர்க்காகம் 3, கருப்பு வெள்ளை மீன்கொத்தி 1. அக்காவுக்கு: ஆண்தான், நெஞ்சில் இரண்டு பட்டை. எந்தக் கம்பியில் இருக்கும் என்று இனித்தான் பார்க்க வேண்டும்.