வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தை: அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

வணக்கம். என் பையனுக்கு நாலு வயசு. போன மாசம் கடலை மிட்டாய் ஒரே ஒரு கடி கடிச்சான். பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, கழுத்து முழுக்கத் திட்டுத்திட்டா சிவந்து, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. ஆஸ்பத்திரியில தொடையில எபிநெஃப்ரின்ங்கிற அவசர ஊசி போட்ட பிறகுதான் அடங்குச்சு. அந்த இழுப்புச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

டெஸ்ட்ல வேர்க்கடலை அலர்ஜின்னு உறுதியாச்சு. வேர்க்கடலையும் பருப்பு இனம்தானே, சாம்பாரை நிறுத்தணுமான்னு பயந்தேன். துவரை, உளுந்து, சோயா எல்லாம் இதுவரை ஒத்துக்கிட்டதால நிறுத்த வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். முந்திரி, பாதாமுக்குத் தனியா டெஸ்ட் பண்ணணுமாம்.

பாக்கெட் உணவுன்னா அட்டையைப் படிச்சுடலாம்; வேர்க்கடலை, சோயா இருந்தா அச்சிடணும்னு விதியே இருக்கு. வெளிச் சாப்பாடுதான் பிரச்சினை. செக்குக் கடலை எண்ணெயில அலர்ஜியைக் கிளப்புற புரதம் தங்கியிருக்கும். சட்னியில வேர்க்கடலை சேர்த்து அரைச்சாங்களான்னு பார்த்தும் தெரியாது.

அடுத்த மாசம் மதுரையில சொந்தத்துல கல்யாணம். பந்தியில பிள்ளையை உட்கார வெச்சவங்க, சமையல்காரர்கிட்ட முன்கூட்டியே என்னென்ன கேட்டீங்க? ஜூன்ல ஸ்கூல் வேற. அவசர ஊசியை அங்கே யார் பொறுப்புல கொடுத்து வெச்சிருக்கீங்க? பேனா மாதிரி குத்துற ஊசி நம்ம ஊர்ல வாங்கினவங்க இருந்தா, தயவுசெஞ்சு சொல்லுங்க.